கணக்கில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்

தென் மாவட்டங்களில் எந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனாலும், ஆராதனை தொடங்குவதற்கு முன் சுவரைப் படிப்பது என் வழக்கம். அஸ்திபாரக் கல்லில் பேராயர் பெயர். மணிக்கூண்டின் அடியில் மணி வாங்கிக் கொடுத்த குடும்பத்தின் பெயர். பெஞ்சின் முதுகில் கறுப்புப் பெயிண்டில் ஒரு பெயர். மின்விசிறி இறக்கையில்கூட 'அன்புத் தந்தையார் நினைவாக'. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், பம்பாய்க்குப் போனவர்கள், துபாயில் வேலை பார்ப்பவர்கள் என்று ஊரைவிட்டுப் போன அத்தனை பேரும் அந்தச் சுவருக்குத் திரும்பி வந்திருப்பார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் வாங்கிய விசிறிக் காற்றில்தான் நான் பிரசங்கம் கேட்டு வளர்ந்தேன்.

ஆனால் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் கற்றுத்தரும் ஞாயிறு பள்ளிக்கு ஒரு வருடச் செலவைக் கொடுத்தவர் என்று ஒரு பெயரை நான் எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை. கல்லில் வெட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தச் செலவைக் கொடுத்தவர் யார் என்று விசாரித்தால், அநேகமாக எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வருகிறது: டீச்சர்.

எங்கள் பக்கம் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களில் பாதிப் பேர் தனியார் பள்ளிக்கூடத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற இளம்பெண்கள். மீதிப் பேர் வீட்டிலிருக்கும் தாய்மார்கள், கல்லூரி மாணவர்கள். அவர்கள் கொண்டுவருகிற பையை ஒருநாள் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். உருட்டி ரப்பர் பேண்டு போட்ட சார்ட் பேப்பர், பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி வெட்டிய நோவா பேழைப் படம், பாதி தீர்ந்த ஸ்கெட்ச் பேனாக்கள், ஃபெவிகால், வருகைப் பதிவேடு, அடியில் ஒரு பாக்கெட் ஆரஞ்சு மிட்டாய். மனப்பாட வசனம் ஒப்பிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கத்தான் மிட்டாய். இதில் சபை வாங்கித் தந்தது வருகைப் பதிவேடு மட்டும்தான். எங்கள் சபையில் அந்தப் பையை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கதை சொல்லி வரும் ஒரு டீச்சரிடம், வகுப்பில் ஒரு சின்னப் பையன் கேட்டானாம்: "டீச்சர், இதுக்கெல்லாம் காசு யாரு குடுக்கா?" அவர் சிரித்துக்கொண்டே "ஆண்டவர்தான்டா" என்று சொல்லிவிட்டார். விசுவாசத்தோடு சொன்ன பதில்தான். ஆனாலும் அந்தக் கேள்வி அவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டி மேஜையில் வைக்க வேண்டிய கேள்வி.

மே மாதம் வந்தால் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். பள்ளி விட்டு லீவு தொடங்கியதும் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதப்பள்ளி. சபைப் பிள்ளைகளோடு, சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் தாத்தா வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, கோயில் வளாகமே இரைச்சலாகிவிடும். பாட்டு, கதை, மிஷனரி சரித்திரம், கைவேலை, விளையாட்டு, கடைசி நாள் பேரணி, நிறைவு விழா. கேட்க எளிதாக இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் புத்தகம் வாங்க வேண்டும். ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். வெயில் காலம் என்பதால் தண்ணீர் கேன் தினமும் வேண்டும். பதினோரு மணிக்கு ஒரு சுண்டலோ பிஸ்கட்டோ ஜூஸோ கொடுத்தாக வேண்டும். கைவேலைக்குக் கலர் பேப்பர், நூல், பாசி. கடைசி நாள் பரிசு. பிள்ளைகள் எண்ணிக்கை நூறைத் தாண்டினால், ஒரு பிள்ளைக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ரூபாய்க்கு மேல் போகும். இந்தப் பணத்துக்குத்தான் டீச்சர்மார் ஏப்ரல் மாதம் முழுவதும் வீடு வீடாக ரசீதுப் புத்தகத்தோடு அலைகிறார்கள். சில வீடுகளில் உட்காரவைத்து மோர் கொடுத்து 500 ரூபாய் தருவார்கள். சில வீடுகளில் "போன மாசம்தானே கேட்டு வந்தீங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பாடம் தயாரிக்க வேண்டிய நேரம் வசூலில் போய்விடுகிறது.

நம்முடைய சபைகள் கொடுக்காத சபைகளா என்றால், நிச்சயமாக இல்லை. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். முதல் ஈத்துக் கன்று, வாழைத்தார், பூசணி, கோழி, வீட்டில் சுட்ட முறுக்கு என்று படைப்பு வந்து குவியும். கோழி முட்டை ஒன்று ஏலத்துக்கு வரும். ஐம்பது ரூபாய் என்று ஒருவர் ஆரம்பிப்பார். பெங்களூரிலிருந்து வந்த மருமகன் நூறு என்பார். அவருடைய மாமனார் விடாமல் இருநூறு என்பார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முட்டை ஐந்நூறுக்குப் போய், எடுத்தவர் அதையே "திரும்பக் கோயிலுக்கே" என்று கொடுத்துவிட, அதே முட்டை மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஜனங்கள் கைதட்டிச் சிரித்துச் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள். உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று பவுல் எழுதியதற்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி வேண்டுமா? தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை, சங்கக் காணிக்கை, கட்டட நிதி, எதிலும் நம் ஜனங்கள் பின்வாங்குவதில்லை.

ஆக, கொடுக்கிற மனசுக்குப் பஞ்சம் இல்லை. கொடுத்த பணத்திலிருந்து பிள்ளைகளுக்கென்று தனியாக எடுத்து வைக்கிற ஒழுங்குதான் இல்லை.

இதற்கு வேதத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொன்ன சரித்திரம். இரண்டாம் ராஜாக்கள் 12ஆம் அதிகாரம். பரிசுத்தமாக்கப்பட்ட பணம் எல்லாவற்றையும் ஆசாரியர்கள் வாங்கி, அதிலிருந்து ஆலயத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்று ராஜா கட்டளையிடுகிறார். பணம் வருகிறது, வாங்குகிறார்கள், செலவாகிறது. ராஜாவின் 23ஆம் வருஷம் ஆகியும் ஆலயம் பழுதாகவே கிடக்கிறது. அப்போதுதான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்துக்கு வலதுபக்கத்தில் வைக்கிறார். இந்தப் பெட்டி இந்த வேலைக்கு மட்டும். பணம் நிறைந்ததும் ராஜாவின் எழுத்தனான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிக் கட்டுகிறார்கள். தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ செய்யவில்லை என்று வேதம் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அதே தேசம்தான், அதே ஜனங்கள்தான். பொதுவில் போட்டபோது ஆகாத வேலை, தனிப் பெட்டி வைத்ததும் ஆகிவிட்டது.

யோவாஸின் கதையை இன்னும் கொஞ்சம் பின்னாலிருந்து படிக்க வேண்டும். ராஜ குடும்பத்தையே பாட்டி அத்தாலியாள் கொன்று போட்டபோது, அத்தை யோசேபாள் கைக்குழந்தையான யோவாஸைத் தூக்கிக்கொண்டுபோய் ஒளித்து வைக்கிறாள். ஆறு வருஷம் ஒளித்து வைத்த இடம் எது? கர்த்தருடைய ஆலயம். ஏழு வயதில் அவனை வெளியே கொண்டுவந்து முடிசூட்டுகிறார்கள். ஆலயத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்குத்தான் பின்னாளில் ஆலயத்தின் சுவரில் விழுந்த வெடிப்பு கண்ணில் பட்டது. கட்டட நிதிக்குத் தாராளமாகக் கொடுக்கிற அண்ணன்மார்களிடம் நான் இதைத்தான் சொல்லுவேன். இன்றைக்கு நீங்கள் போடுகிற டைல்ஸ் முப்பது வருஷம் கழித்துப் பெயரும். அப்போது அதைப் பார்த்து வருத்தப்பட ஒரு ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள் இப்போது ஞாயிறு பள்ளியில் பிரைமரி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

பிள்ளைகள் ஊழியம் எங்கே தொடங்கினாலும், யாரோ ஒருவர் தன் பணப்பையைத் திறந்துதான் தொடங்கியிருக்கிறது. 1780இல் இங்கிலாந்தின் குளாஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியை ஆரம்பித்தபோது, வாரம் முழுவதும் வேலை செய்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைத்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பெண்களைக் கூலி கொடுத்து அமர்த்தினார். அவர் பத்திரிகை நடத்தியவர். 1783இல் தன் பத்திரிகையிலேயே அதைப் பற்றி எழுதினார். அதைப் படித்துத்தான் மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் ஊரில் தொடங்கினார்கள். 1898இல் நியூயார்க்கில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு அம்மையார் கோடைக்கால வேதப்பள்ளி நடத்தினார். நம்முடைய விபிஎஸ்ஸின் ஆரம்பம் அதுதான் என்பார்கள். அதற்கு ஒரு மதுக்கடைக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தார். வாடகை என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார்.

நம் நாட்டில் பிள்ளைகளுக்கான செலவை நெடுங்காலம் கொடுத்தவர்கள் கடல் கடந்து இருந்தவர்கள். இதை நன்றியோடுதான் சொல்கிறேன். பல சபைகளில் மாலை நேர டியூஷன், மதிய உணவு, மருத்துவப் பரிசோதனை, நோட்டுப் புத்தகம் எல்லாம் அமெரிக்காவின் கம்பாஷன் போன்ற பிள்ளைகள் நல அமைப்புகள் வழியாக வந்தன. முகம் தெரியாத ஒருவர் மாதாமாதம் ஒரு பிள்ளைக்குப் பணம் அனுப்புவார். கிறிஸ்துமஸுக்குக் கடிதமும் போட்டோவும் வரும். 2016இல் வெளிநாட்டு நன்கொடைக்கு முன் அனுமதி வாங்க வேண்டிய பட்டியலில் மத்திய அரசு கம்பாஷனை வைத்தது. 2017 மார்ச்சில் அது இந்தியாவில் வேலையை நிறுத்திக்கொண்டது. ஏறக்குறைய 1,45,000 பிள்ளைகள் அதன் பராமரிப்பில் இருந்தார்கள். 2020இல் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு மற்ற அமைப்புகளுக்கும் வழி இன்னும் குறுகியது. அரசின் கொள்கை சரியா தவறா என்பது தனி வாதம், அதை இங்கே இழுக்க விரும்பவில்லை. எனக்கு அன்றும் இன்றும் உறுத்துகிற கேள்வி வேறு: அந்தப் பிள்ளைகள் நம் தெருவில், நம் கோயில் நிழலில் இருந்தவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பணம் நின்ற மறுமாதம், அந்தப் பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவை ஏற்றுக்கொள்ள அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நமக்கு ஏன் தோன்றவில்லை?

ஏற்றுக்கொண்ட சபைகளும் உண்டு. டியூஷன் சென்டரை மூடாமல், ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பம் என்று பங்குபோட்டுக்கொண்டவர்கள். அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. திருநெல்வேலிச் சபையின் பழைய வழியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். மனம் பொறுக்காமல் ஊர் திரும்பியவர், அடுத்த வருஷமே, 1903இல், இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் சங்கத்தின் கொள்கை. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட இல்லை. அன்றைய திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்தவர்கள், மானாவாரிக் காட்டில் மழையைப் பார்த்து வாழ்ந்தவர்கள். வசதி வந்தபின் கொடுப்போம் என்று அவர்கள் காத்திருந்தால் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியம் செய்ய ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான பிறகும், காணிக்கை கொடுப்பதைப் பற்றி அசரியா விடாமல் போதித்தார், தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

கைப்பிடி அரிசியும் அந்தக் காலத்து வழிதான். உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, கோயிலுக்குக் கொண்டுவருவது. மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய இந்தப் பழக்கம் இன்றும் நடக்கிறது. அந்தச் சபைகளின் ஊழியச் செலவில் ஒரு நல்ல பங்கு அந்தப் பிடி அரிசியிலிருந்து வருகிறது. இதில் எனக்குப் பிடித்தது, பணக்காரர் ஒருவரைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பதுதான். எல்லா வீட்டிலும் உலை கொதிக்கிறது.

நம் சபைக்கு ஏற்றபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 குடும்பம் உள்ள ஒரு சபை. ஒரு குடும்பம் மாதம் 50 ரூபாய் பிள்ளைகள் ஊழியத்துக்கென்று கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய், வருடத்துக்கு 1,20,000 ரூபாய். விபிஎஸ் முழுச்செலவும், வருடம் முழுக்க ஞாயிறு பள்ளிக்கு வேண்டிய பொருட்களும், ஆசிரியர் பயிற்சியும் இதில் அடங்கும். மீதமும் இருக்கும். 50 ரூபாய் என்பது இன்றைக்குக் குடும்பத்தோடு ஒருமுறை டீ குடிக்கிற காசு. முடியாத வீடுகள் இருக்கும், அவர்களிடம் கேட்கவே கூடாது. முடிகிற வீடுகள் 500 கொடுக்கும். அது தானாகச் சரியாகிவிடும்.

பிள்ளைகளோடு முடித்துக்கொள்ளவும் கூடாது. வாலிபர் ஐக்கியத்தை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று நேர்மையாகப் பாருங்கள். சபை விருந்தான அசனத்தில் பந்தி பரிமாற, நாற்காலி தூக்க, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போய்க் காணிக்கை வசூலிக்க. சபை அவர்களுக்காகச் செலவழிப்பதைவிட அவர்களைக் கொண்டு வசூலிப்பது அதிகம். பிளஸ் டூ முடித்ததும் அவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். ஹாஸ்டல் அறையில் முதல் செமஸ்டர் அரியர் விழுந்து, வீட்டில் சொல்லப் பயந்து உட்கார்ந்திருக்கிற பையனுக்கு ஊர்ச் சபையிலிருந்து வருகிற ஒரே செய்தி, பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வரி கட்டச் சொல்லும் வாட்ஸ்அப். அதே பையனை, ஞாயிறு பள்ளியில் அவனுக்குக் கதை சொன்ன ஒரு அண்ணன் போய்ப் பார்த்து, ஹோட்டலில் உட்காரவைத்து ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் அவன் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தால்? அதற்கு ஆகும் ரயில் டிக்கெட்டும் சாப்பாட்டுச் செலவும் வாலிபர் ஊழியச் செலவுதான். சபை அதைக் கூச்சமில்லாமல் கணக்கில் எழுத வேண்டும். ரிட்ரீட், நுழைவுத் தேர்வுக் கட்டணம், சின்னதாக ஒரு நூலகம், மாலையில் விளையாட ஒரு வாலிபால் நெட், எல்லாமே ஊழியம்தான்.

யோவாஸின் கதை கடைசியில் சோகமாக முடிகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. யோய்தா உயிரோடிருந்த நாளெல்லாம் அவன் செம்மையாக நடந்தான். யோய்தா 130 வயதில் இறந்தபின் யூதாவின் பிரபுக்கள் வந்து பணிந்துகொண்டார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டான், ஆலயத்தை விட்டான், தன்னைக் கண்டித்த யோய்தாவின் மகனையே கல்லெறிந்து கொல்லச் சொன்னான். ஆலயத்திலேயே வளர்ந்தவன்தான். பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லாமல் போனபோது, முதலில் வந்தவர்களின் பேச்சு அவனுக்கு இனித்தது. சின்ன வயதில் வசனம் மனப்பாடம் பண்ணியது போதும், இனி அவனவன் பாடு என்று விட்டுவிடுகிற சபைகள் அந்த 24ஆம் அதிகாரத்தை, இரண்டாம் நாளாகமத்தில், ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

கேட்கிற விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்கியா புத்தகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தேவனை வஞ்சிக்கிறீர்கள் என்று பயமுறுத்தி வாங்குகிற காணிக்கை எனக்கு ஒப்பவில்லை. கொடுத்தால் பத்து மடங்கு திரும்பும் என்று ஆசைகாட்டி வாங்குவது அதைவிட மோசம். பிள்ளைகளுக்காகக் கேட்கும்போது இரண்டுமே தேவையில்லை. செலவை அப்படியே சொன்னால் போதும். "ஒரு பிள்ளையின் விபிஎஸ் புத்தகத்துக்கு இவ்வளவு, பத்து நாள் சிற்றுண்டிக்கு இவ்வளவு" என்று ஒரு தாளில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். நம் ஜனங்கள் கணக்குத் தெரிந்தவர்கள். அறிவிப்பில் "தாராளமாகக் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பையில் பத்து ரூபாய் விழும். "இன்னும் முப்பது பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க வேண்டியிருக்கிறது" என்று சொன்னால் ஆராதனை முடிந்ததும் "நான் அஞ்சு பிள்ளைக்குக் கொடுத்திருதேன்" என்று ஒரு பாட்டி வந்து நிற்பார்.

கொடுத்ததற்குக் கணக்கும் காட்ட வேண்டும். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தனியாகப் போகவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரரைக் கூட அனுப்பினார். அப்போஸ்தலனுக்கே அந்த ஜாக்கிரதை இருந்தது. விபிஎஸ் முடிந்த அடுத்த ஞாயிறு, வரவு செலவு வாசலில் ஒட்டப்பட்டிருக்கட்டும். சுண்டலுக்கு எவ்வளவு, பரிசுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு. மீதிப் பணம் காம்பவுண்டுச் சுவருக்குப் போகாமல் பிள்ளைகள் கணக்கிலேயே இருக்கட்டும். அந்தப் பணத்தில் முதலில் செய்ய வேண்டிய காரியங்களில் பிள்ளைகளின் பாதுகாப்பும் உண்டு. பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனிக் கழிப்பறை, ஒரு வகுப்பில் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், வெளிச்சமான அறை. இது இல்லாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை.

பிள்ளைகளும் கொடுக்கட்டும் என்பேன். அம்மா கையில் திணிக்கிற நாணயத்தைப் பையில் போடுவதோடு நிறுத்தாமல், அவர்களுடைய காணிக்கை எங்கே போகிறது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். எங்கள் சபையில் ஜூனியர் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் உண்டியல் காசை வைத்து, அரசுப் பள்ளியில் படிக்கும் தங்கள் வகுப்புத் தோழர்களுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். யாருக்கு வாங்குவது, எந்தக் கம்பெனி வாங்குவது என்று அவர்கள் போட்ட விவாதம் சேகரக் கமிட்டிக் கூட்டத்தைவிட ஒழுங்காக நடந்தது. ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு வேண்டியிருந்தபோது, ஐந்து அப்பம் இரண்டு மீன் வைத்திருந்த பையனிடம் ஆண்டவர், நீ சின்னப் பிள்ளை, போய் அப்பாவைக் கூட்டி வா என்று சொல்லவில்லை.

புதிய கணக்கு வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. பட்ஜெட்டுக்குக் கமிட்டி மார்ச்சில் கூடும். உங்கள் சபைக் கமிட்டியில் நீங்கள் இருந்தால், பிள்ளைகள் ஊழியம், வாலிபர் ஊழியம் என்று தனித்தனியாக இரண்டு பக்கம் கேளுங்கள். 'இதர செலவுகள்' என்ற தலைப்புக்குக் கீழே அதைச் சேர்க்க விடாதீர்கள். கமிட்டியில் இல்லையென்றால் குருவானவர் ஐயாவைப் பார்த்துச் சொல்லுங்கள், பெரும்பாலான ஐயாமார் இதைச் சொல்ல ஒருவர் வரமாட்டாரா என்று காத்திருப்பவர்கள்தான். கொடுக்கிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள். விபிஎஸ் புத்தகத்துக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே பணம் கட்ட வேண்டும். நீங்கள் மே மாதம் நிறைவு விழாவில் வந்து கவர் கொடுப்பதற்குள் அந்த டீச்சர் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கட்டியிருப்பார்.